எண்ணெய்க் கரண்டியும் இருதயமும்

மனித உடலில் ஓய்வை அறியாத உறுப்பு இருதயமே. தாயின் கருவில் சில வாரங்களிலேயே துடிக்கத் தொடங்கும் அது, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை சுருங்கி விரிகின்றது. நாம் உறங்கும்போதும் அது உறங்குவதில்லை. இத்தகைய உழைப்பாளி, குடும்ப பாரத்தைச் சுமக்கின்ற வயதில் திடீரென நின்றுவிடும் துயரத்தை நம் பங்குகளில் அடிக்கடி காண்கின்றோம். முதுமையின் நோய் என்று முன்பு கருதப்பட்ட மாரடைப்பு, இன்று நாற்பது வயதினரின் வாசலிலும் வந்து நிற்கின்றது.

இது வெறும் அச்சமன்று. 52 நாடுகளில் நடத்தப்பட்ட 'இன்டர்ஹார்ட்' என்னும் பெரிய ஆய்வின் ஒரு பகுதி 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. இந்தியா, இலங்கை உள்ளிட்ட ஐந்து தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு வரும் வயது சராசரியாக 53 என்றும், பிற நாடுகளில் அது ஏறத்தாழ 59 என்றும் அவ்வாய்வு காட்டியது. ஆறு ஆண்டுகள் சிறு கணக்கன்று. ஒரு மகளின் திருமணம், ஒரு மகனின் கல்லூரிப் படிப்பு, வீட்டுக் கடனின் கடைசித் தவணை ஆகிய யாவும் அந்த ஆறு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும்.

மதுரை கே.கே. நகரில் விடியற்காலையில் வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் வேகமாய் நடப்போர் பலர். மாலையில் அதே தெருக்களில் வடைச் சட்டியும் பரோட்டாக் கல்லும் சூடேறும்போது அவற்றைச் சுற்றி நிற்போரும் பலர். "எதைத்தான் சாப்பிடுவது? ஒருவர் நெய் கூடாது என்கிறார். இன்னொருவர் நெய்யே மருந்து என்கிறார். ஒருவர் செக்கு எண்ணெய் என்கிறார், இன்னொருவர் சூரியகாந்தி என்கிறார்" என்று குடும்பத் தலைவிகள் குழம்புவதில் வியப்பில்லை. அந்தக் குழப்பத்தைச் சற்றே தெளிவாக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

கொழுப்பு பகைவனா?

கொழுப்பு என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. அது உடலுக்கு இன்றியமையாத பொருள். உடலின் ஒவ்வோர் உயிரணுவின் சுவரும் கொழுப்பால் ஆனது. நீரை நீக்கிப் பார்த்தால் மூளையின் பெரும்பகுதி கொழுப்பே. ஏ, டி, ஈ, கே என்னும் வைட்டமின்களை உடல் ஏற்றுக்கொள்வதற்கும் அது துணை செய்கின்றது. முற்றிலும் எண்ணெயை ஒழித்துவிட்டு வாழ்வது அறிவுடைமையன்று. வளரும் குழந்தைகளுக்கு அது தீங்கும் செய்யும்.

ஆனால் கொழுப்பு செறிவு மிக்க எரிபொருள். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தருமானால், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகின்றது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி உள்ளது. வயலில் ஏர் பிடித்தவர்க்கும், நாள் முழுதும் மேசைமுன் அமர்ந்திருப்பவர்க்கும் ஒரே அளவு எண்ணெய் பொருந்துமா? பாட்டன் உண்டது பேரனுக்கும் ஒத்துக்கொள்ளும் என்போர், பாட்டன் நடந்த தொலைவைக் கணக்கிடுவதில்லை.

இரத்தக் குழாயில் நடப்பது என்ன?

கொலஸ்டிரால் என்பது மெழுகு போன்ற ஒரு பொருள். அதன் பெரும்பகுதியை நம் கல்லீரலே உற்பத்தி செய்கின்றது. எண்ணெய் நீரில் கரையாததுபோல் அதுவும் இரத்தத்தில் கரையாது. ஆகவே அதை ஏற்றிச் செல்லச் சில வாகனங்கள் தேவைப்படுகின்றன. அவற்றுள் ஒன்று எல்.டி.எல்.; மற்றொன்று எச்.டி.எல். எல்.டி.எல். மிகுந்தால் அது குழாய்ச் சுவருக்குள் நுழைந்து தங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் அங்கே படிவு வளரும். ஒரு நாள் அப்படிவின் மேல்தோல் வெடிக்க, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துக்கொள்ளும். மாரடைப்பு என்பது இதுவே. வந்தது நொடியில் என்றாலும் அதன் தயாரிப்பு பல்லாண்டுக்காலம் நடந்தது.

இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.-ஐப் பிடித்து அகற்றும் கைகள் போன்ற அமைப்புகள் கல்லீரலில் உண்டு. அவற்றைக் கண்டறிந்த பிரௌன், கோல்ட்ஸ்டைன் என்னும் இரு அமெரிக்க மருத்துவ அறிஞர்களுக்கு 1985இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. நெய், வெண்ணெய், ஆட்டுக்கொழுப்பு, தேங்காய் எண்ணெய், பாமாயில் ஆகியவற்றில் மிகுந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்பு, கல்லீரலின் இக்கைகளைக் குறைத்துவிடுகின்றது. ஆகவே எல்.டி.எல். இரத்தத்திலேயே தங்குகின்றது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மீன் முதலியவற்றில் மிகுந்துள்ள நிறைவுறாத கொழுப்போ அவ்வாறு செய்வதில்லை. நிறைவுற்றதைக் குறைத்து அதன் இடத்தில் நிறைவுறாததைச் சேர்த்தால் எல்.டி.எல். இறங்குகின்றது.

இரயில்வே ஊழியர் சொன்ன செய்தி

இங்கே நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வை நினைவுகூர்தல் நன்று. மேற்கு இரயில்வேயின் தலைமை மருத்துவ அதிகாரியாயிருந்த டாக்டர் எஸ்.எல். மல்ஹோத்ரா, 1958 முதல் 1962 வரையிலான ஆண்டுகளில் இந்திய இரயில்வே ஊழியரிடையே இருதய நோயால் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்து, 1967இல் வெளியிட்டார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர் குறித்த கணக்கு அது. முடிவு அனைவரையும் திகைக்கச் செய்தது. வடஇந்தியரைவிடத் தென்னிந்திய ஊழியர் ஏறத்தாழ ஏழு மடங்கு மிகுதியாக இந்நோயால் மடிந்தனர். அதுவும் இளம் வயதில். ஆனால் கொழுப்பை மிகுதியாக உண்டவர் யார்? நெய்யும் பாலும் தயிருமாய்ப் பல மடங்கு கொழுப்பை உண்டவர் வடக்கத்தியரே! புகைபிடிப்பதிலும் அவர்களே முந்தியிருந்தனர்.

அப்படியானால் நெய் இருதயத்தைக் காக்கின்றதா? இந்த ஆய்வைச் சுட்டிக்காட்டி அவ்வாறு வாதிடுவோர் இன்றும் உளர். ஆனால் நிதானமாய்ச் சிந்திக்க வேண்டும். இரு கூட்டத்தாரை ஒப்பிடும்போது அவர்களிடையே வேறுபடுவது ஒன்று மட்டுமன்று. தானியம் வேறு, உண்ணும் முறை வேறு, உடலுழைப்பு வேறு, பரம்பரை வேறு, சர்க்கரை வியாதியின் அளவும் வேறாயிருக்கலாம். எந்த மரணத்தை மருத்துவர் எப்பெயரால் பதிவு செய்தார் என்பதும் ஊருக்கு ஊர் மாறும். பால்கொழுப்பின் தனி இயல்பும், மென்று உண்ணும் வழக்கமும் காரணமாயிருக்கலாம் என்று மல்ஹோத்ரா கருதினார். அது அவருடைய விளக்கம், நிறுவப்பட்ட உண்மையன்று.

எனினும் அந்த ஆய்வு நமக்கு இரண்டு பாடங்களைக் கற்பித்தது. ஒன்று, கொழுப்பின் அளவை மட்டும் வைத்து இருதய நோயைக் கணித்துவிட முடியாது. இரண்டாவது, தென்னாட்டார் இந்நோய்க்கு எளிதில் இலக்காகின்றவர். மதுரையும் ஓர் இரயில்வே நகரமே. அந்த ஏழு மடங்கு என்னும் எண்ணுக்குள் நம்மைப் போன்றோரின் பாட்டனாரும் தந்தையரும் இருந்திருக்கலாம்.

சோற்றுக்கும் பங்குண்டு

எண்ணெயைக் குறைத்துவிட்டோம் என்று மனநிறைவு கொண்டு, தட்டில் சோற்றைக் குவிப்போர் பலர். 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேர் சர்க்கரை வியாதியுடையோர் என்று காட்டியது. தமிழ்நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் அவ்வாறு உள்ளனர். தீட்டிய அரிசி, மைதா, சர்க்கரை ஆகியவை மிகுந்து, உழைப்பு குறைந்தால், கல்லீரல் அந்த மிகுதியைக் கொழுப்பாக மாற்றுகின்றது. இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு ஏறுகின்றது. நன்மை தரும் எச்.டி.எல். இறங்குகின்றது; வயிறு முன் தள்ளுகின்றது. நம் மக்களிடையே மருத்துவர் அடிக்கடி காண்பது இக்கலவையே. நெய்யை நிறுத்திவிட்டு இனிப்பு பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்து உண்பதால் இருதயம் நன்றி கூறாது.

நெய்யின் வேடம் பூண்டு வந்தது

கொழுப்புகளுள் எவரும் வாதமின்றி விலக்கத் தகுந்தது ஒன்று உண்டு. அது இயற்கையில் அருகியே காணப்படுவது, தொழிற்சாலையில் பெருகியது. 1902இல் ஜெர்மானிய விஞ்ஞானி வில்லெம் நார்மன், திரவ எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி அதை உறைய வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அம்முறையில் பிறந்ததே வனஸ்பதி. 1937இல் டால்டா என்னும் பெயரோடு நம் நாட்டுச் சந்தைக்கு வந்தது. நெய்யின் தோற்றமும் குருணையும் அதற்கு இருந்தன. விலையோ மிகக் குறைவு. கலியாண வீடுகளும் இனிப்புக் கடைகளும் அதை வாரி அணைத்துக்கொண்டன. காந்தியடிகள் வனஸ்பதியை எதிர்த்து எழுதினார். நெய்யில் அதைக் கலப்பதைக் கண்டுபிடிக்க, அதனுடன் நூற்றுக்கு 5 பங்காவது நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று அரசு விதித்தது. நல்லெண்ணெய் கலந்த பொருள், உரிய சோதனையில் சிவப்பு நிறம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதே அதன் காரணம்!

ஆனால் மெய்யான தீங்கு கலப்படத்தினும் பெரிது. எண்ணெயைப் பாதி உறைய வைக்கும்போது டிரான்ஸ் கொழுப்பு என்னும் ஒன்று உண்டாகின்றது. 1990இல் நெதர்லாந்து விஞ்ஞானிகள் அதன் குணத்தை அளந்து காட்டினர். அது எல்.டி.எல்.-ஐ ஏற்றுகின்றது, எச்.டி.எல்.-ஐயும் இறக்குகின்றது. இரட்டைத் தீங்கு! 2003இல் டென்மார்க் நாடு அதற்கு வரம்பு விதித்து வழிகாட்டியது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் படிப்படியாக வரம்பைக் குறைத்து, 2021 ஜனவரியில் நூற்றுக்கு 3 என்றும், 2022 ஜனவரி முதல் நூற்றுக்கு 2 என்றும் நிர்ணயித்தது. நம் நாட்டு மக்கள் நலனுக்காக எடுக்கப்பட்ட நல்ல முடிவு இது. எனினும் சட்டம் தொழிற்சாலையின் வாசல் வரை செல்லும். சந்தில் உள்ள அடுப்பு வரை செல்ல நாமும் துணை நிற்க வேண்டும். பொட்டலத்தின்மேல் எழுதியிருப்பதைப் படிக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் கற்பிப்போம்.

எந்த எண்ணெய் நல்லது?

'எண்ணெய்' என்னும் சொல்லே எள்ளின் நெய் என்பதிலிருந்து பிறந்தது. நம் முன்னோர் அதற்கு 'நல்ல' என்னும் அடைமொழியையும் சேர்த்தனர். நல்லெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 14 பங்கே. எஞ்சியது முழுவதும் நிறைவுறாதது. கடலை எண்ணெயில் நிறைவுற்றது ஏறத்தாழ 17 முதல் 20 பங்கு. சூரியகாந்தியில் அது 10 அல்லது 11 பங்கு. நியாயவிலைக் கடையில் பெறும் பாமாயிலில் 40 முதல் 45 பங்கு. நெய்யில் 60 பங்குக்கு மேல். தேங்காய் எண்ணெயில் 80 பங்குக்கு மேல். இவ்வெண்களை அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டினாலும் தகும்.

தேங்காய் எண்ணெய் பற்றி நாஞ்சில் நாட்டு உறவினரும் கேரளத்து நண்பரும் நம்மோடு வாதிடுவர். கொச்சியில் இருதய நோயாளர் 200 பேரிடம் இரண்டு ஆண்டுகள் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், தேங்காய் எண்ணெய் உண்டோருக்கும் சூரியகாந்தி எண்ணெய் உண்டோருக்கும் பெரிய வேறுபாடு தோன்றவில்லை என்பது உண்மையே. ஆனால் அவர்கள் யாவரும் தகுந்த மருந்து உட்கொண்டிருந்தவர்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான மதிப்பீடு, மற்றத் தாவர எண்ணெய்களைவிடத் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.-ஐ உயர்த்துகின்றது என்று காட்டியது. ஆகவே அவியலுக்கு ஒரு கரண்டி ஊற்றலாம். அன்றாடம் பொரிப்பதற்கு வேண்டாம்.

செக்கில் ஆட்டிய எண்ணெயின் மணமும் சுவையும் சிறந்தவை. எள்ளோடு கருப்பட்டி சேர்த்து மரச்செக்கில் ஆட்டுவது நம் வழக்கம். அதிகச் சூடு படாததால் சில இயற்கைச் சத்துகள் அதில் எஞ்சுகின்றன. ஆனால் செக்கு எண்ணெயிலும் கலோரி அதேதான். நிறைவுற்ற கொழுப்பின் பங்கும் அதேதான். செக்கு எண்ணெய் என்பதற்காக இரு மடங்கு ஊற்றலாம் என்று எவரும் எண்ண வேண்டா. ஒரே எண்ணெயை ஆண்டு முழுதும் பயன்படுத்தாமல் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதே நலம் என்று ஊட்டச்சத்து அறிஞர் கூறுகின்றனர்.

மீனையும் மறந்துவிட வேண்டாம். இராமேசுவரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் மதுரைக்கு வரும் மத்தி, அயிலை, நெத்திலி ஆகியவற்றில் இருதயத்துக்கு நன்மை செய்யும் ஒமேகா-3 கொழுப்பு மிகுதி. இவை விலை உயர்ந்த மீன்களும் அல்ல. வாரம் இருமுறை குழம்பாக வைத்து உண்ணலாம். வறுத்துக் கருக்கினால் மீனின் நன்மை சட்டியிலேயே தங்கிவிடும்.

கடைச் சட்டியின் கதை

மதுரையின் இரவு உணவு உலகப் புகழ் பெற்றது. பரோட்டாவும் சால்னாவும், கறிதோசையும், அடுத்த ஊரான விருதுநகரின் எண்ணெய்ப் பரோட்டாவும் நாவில் நீர் ஊறச் செய்வன. இவற்றை என்றோ ஒரு நாள் உண்பதால் எவர்க்கும் கேடு வந்துவிடாது. அன்றாட வழக்கமாவதே கேடு. மைதா, உருக்கிய கொழுப்பு, உப்பு ஆகிய மூன்றும் ஒரே தட்டில் சேர்கின்றன. உண்டவர் உடனே படுக்கைக்குச் செல்கின்றார்.

வடைச் சட்டியின் எண்ணெய்க்கு வேறொரு குறை உண்டு. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் கருத்து, தடித்து, நுரைத்து, புகைகின்றது. அதில் தீய வேதிப் பொருள்கள் சேர்கின்றன. அப்பொருள்கள் நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்று 2018 முதல் சட்டம் உள்ளது. கடையில் சோதனைக் கருவி நம்மிடம் இல்லாவிடினும், கண்ணும் மூக்கும் உண்டு. வீட்டிலும் பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் பொரிப்பதற்கு எடுக்காமல், வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிதத்துக்கு மட்டும் பயன்படுத்தித் தீர்ப்பது நன்று.

ஒரு சொல் நம்மைப் பற்றியும் கூற வேண்டும். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விலக்குகின்றோம். ஆனால் அன்று மதியம் இலையில் அப்பளமும் வடையும் வாழைக்காய் வறுவலும் நிறைந்திருந்தால், ஆட்டுக்கு மட்டுமே அன்று விடுதலை. நம் இருதயத்துக்கு விடுதலை இல்லை. ஒறுத்தல் என்பது நாவையும் தொட வேண்டுமன்றோ?

எவ்வளவு போதும்?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டலில், 2000 கலோரி உண்ணும் ஒருவருக்கு நாளொன்றுக்கு எண்ணெய், நெய், வெண்ணெய் எல்லாம் சேர்ந்து 27 கிராம் போதும் என்று காட்டியுள்ளது. மாதக் கணக்கில் இது 810 கிராம். பெரியவர் நால்வர் உள்ள குடும்பத்துக்கு ஏறத்தாழ மூன்றரை லிட்டர். கடையில் உண்ணும் வடையும் பரோட்டாவும் இதற்குள் அடங்க வேண்டும் என்பதை மறத்தலாகாது. நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் நூற்றுக்கு 10 பங்கைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

இல்லத்தில் செய்யத்தக்கவை எளியவையே:

1. எண்ணெய்ப் பொட்டலத்தைப் பிரிக்கும் நாளை அதன்மேல் எழுதுங்கள். எத்தனை நாளில் தீர்கின்றது என்பது நீங்களே அறியும் கணக்கு.

2. புட்டியிலிருந்து சரிக்காதீர்கள்; சிறு கரண்டியால் அளந்து ஊற்றுங்கள்.

3. பொரியலில் எண்ணெயைக் குறைத்து, வேகவைத்தல், ஆவியில் அவித்தல் ஆகியவற்றைக் கூட்டுங்கள். இட்டிலியும் இடியாப்பமும் நம் பாட்டிமார் விட்டுச் சென்ற செல்வம்.

4. மாலைச் சிற்றுண்டியாக அவித்த சுண்டல், ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, பழம் ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.

5. ஆட்டிறைச்சியில் தெரியும் வெண்கொழுப்பை நீக்கிச் சமையுங்கள். உடல்நலமுள்ளவர் முட்டைக்கு அஞ்ச வேண்டியதில்லை. சர்க்கரை வியாதி உள்ளவர் மருத்துவரைக் கேட்டு அளவை அறிக.

6. புகையிலையை எந்த உருவிலும் விடுக. நாள்தோறும் அரைமணி நேரம் நடக்க. முப்பது வயதைக் கடந்தோர் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்டிரால் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்க. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர் வாசலுக்கே வருகின்றனர். அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டா.

மருத்துவர் தந்த மாத்திரையை, "எண்ணெய் மாற்றிவிட்டேன், இனி எதற்கு?" என்று தாமாக நிறுத்துவது பேராபத்து. உணவு மருந்துக்குத் துணையே தவிர மாற்றன்று.

வாயுவா, மாரடைப்பா?

நெஞ்சின் நடுவே அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் "வாயுப் பிடிப்பு" என்று சொல்லிச் சோடா வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கலாகாது. பெண்களுக்கும் சர்க்கரை வியாதியுடையோர்க்கும் கடும் வலியின்றி, வெறும் களைப்பாகவோ மூச்சிரைப்பாகவோ மாரடைப்பு வரலாம். நம் தாய்மார்கள், எல்லாரும் உண்டு முடித்தபின் உண்பதுபோல், எல்லாருடைய நோயும் தீர்ந்தபின்னரே தம் நோயைச் சொல்லும் வழக்கமுடையோர். இந்த நோயில் அவ்வழக்கம் உயிரைப் பறிக்கும். உடனே 108க்கு அழையுங்கள். தமிழக அரசு 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணைச் சுகாதார நிலையங்களிலும் முதல் மாத்திரைகள் தரப்படுகின்றன. அங்கிருந்து அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். அடைபட்ட குழாய் திறக்கும்வரை கழியும் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசையில் ஒரு பகுதியைக் கொண்டுபோய்விடும்.

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்பது நம் பழமொழி. நல்ல எண்ணெய்க்குச் செலவிட்டால் நோய்க்குச் செலவிட வேண்டாம் என்றனர் முன்னோர். செக்காட்டும் வாணியன் அளந்து கொடுத்த காலத்து மொழி அது. இன்று அளக்கும் பொறுப்பு நம் அடுப்படிக்கு வந்துவிட்டது. இன்றிரவு தாளிக்கும் முன், கரண்டியில் உள்ள எண்ணெயை ஒரு முறை பாருங்கள். அதில் பாதியே போதுமானால், மீதியைப் புட்டியிலேயே விட்டுவையுங்கள்.